கரீம் பாய் கடையின் இருபத்தைந்து நிமிடம்

நேரத்தைப் பற்றிப் பாடம் நடத்திச் சம்பளம் வாங்குகிறவள் நான். சமூக உளவியல் என் துறை. மனிதர்கள் நேரத்தை எப்படி உணர்கிறார்கள், எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள், வரிசையில் நின்றால் மட்டும் ஏன் பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகிவிடுகிறது என்பதையெல்லாம் கல்லூரியில் பிள்ளைகளுக்கு விளக்குகிறேன். ஆனால் காஞ்சிபுரத்தில் நான் பிறந்து வளர்ந்த தெருவில் இன்றுவரை ஒருத்தரும் என்னிடம் மணி கேட்பதில்லை. யாராவது வெளியூர்க்காரர் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால், பக்கத்தில் இருப்பவர் பதறிப்போய், "அதாண்ட கேக்காதபா, என்னாண்ட கேளு" என்று அவரைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். இந்த மரியாதையை நான் ஒரே நாளில் சம்பாதித்தேன்.

அப்போது நான் சென்னையில் எம்.எஸ்ஸி. உளவியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வயது. உலகத்தில் எல்லாருக்கும் மனம் இருக்கிறது, அதைப் பற்றி எனக்கு மட்டும்தான் தெரியும் என்கிற நினைப்பு. (பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கொட்டாவி விட்டால்கூடக் காரணம் சொல்வேன். அவர் தூக்கம் வருகிறது என்பார். நான் நம்பமாட்டேன்.) ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, ஊருக்கு ஊர் வாழ்க்கையின் வேகம் எப்படி மாறுகிறது என்பது.

அதை அளக்க எங்கள் துறையில் மூன்று எளிய வழிகள் உண்டு. தெருவில் ஆட்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள் என்று பார்ப்பது ஒன்று. கடையிலோ அலுவலகத்திலோ ஒரு சின்ன வேலை முடிய எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது இன்னொன்று. மூன்றாவது, பொது இடத்துக் கடிகாரங்கள் சரியான மணி காட்டுகின்றனவா என்று பார்ப்பது. அவசரப்படுகிற ஊரில் கடிகாரம் சரியாக இருக்கும், ஆறஅமர வாழ்கிற ஊரில் அது பாட்டுக்கு ஓடும் என்று ஒரு கணக்கு. ஆய்வைத் தொடங்கும் முன் என் வழிகாட்டிப் பேராசிரியை ஒன்றே ஒன்று சொன்னார். "பார்க்கலாம், அளக்கலாம், எழுதிக்கலாம். எதையும் தொடாதே."

நான் அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, சொந்தத் தெருவிலேயே ஆராய்ச்சி செய்ய ஊருக்கு வந்தேன்.

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தறி உண்டு. எங்கள் வீட்டிலும் உண்டு. முதல் நாள் வீடு வீடாகப் போய், "இந்தச் சேலை எப்போ முடியும்?" என்று கேட்டேன். கிழமையோ தேதியோ சொல்வார்கள் என்று கட்டம் போட்ட தாள் வைத்திருந்தேன். "இன்னும் ரெண்டு முழம் இருக்குது" என்றார் ஒருவர். "முந்தி இறக்கிட்டா முடிஞ்சுது" என்றார் இன்னொருவர். "ரெண்டு முழம்னா எத்தனை மணி நேரம்?" என்று விடாமல் கேட்டேன். அவர் தறியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு முழம்னா ரெண்டு முழம்தாம்மா. படிக்கத்தானே சென்னைக்குப் போன?" கட்டத்தில் நான் 'தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டேன். யாருக்குத் தெரியவில்லை என்று எழுதவில்லை.

மறுநாள் கடிகாரங்களுக்கு வந்தேன். எங்கள் தெருவின் பொதுக் கடிகாரம் என்றால் அது கரீம் பாய் டீக்கடைக் கடிகாரம்தான். எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே கடை. வட்டமான பெரிய சுவர்க் கடிகாரம். தறியில் உட்கார்ந்தபடி நிமிர்ந்தால் வாசல் வழியாக முள் தெரியும். பட்டில் கை வைத்திருக்கும்போது போனைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க முடியாது என்பதால் தெருவே அதைப் பார்த்துத்தான் எழுந்தது, உண்டது, பள்ளிக்குப் பிள்ளைகளைத் துரத்தியது. அந்தக் கடிகாரம் சரியாக இருபத்தைந்து நிமிடம் முன்னால் ஓடியது.

ஏன் என்று கரீம் பாயிடமே கேட்டேன். பாய்க்குப் பெருமை தாங்கவில்லை. ஆரம்பத்தில் கடிகாரம் சரியாகத்தான் இருந்ததாம். டீ குடிக்க வருகிறவர்கள் பேச்சு சுவாரசியத்தில் பஸ்ஸை விட்டுவிட்டுப் பாயைத் திட்டியிருக்கிறார்கள். பத்து நிமிடம் முன்னால் வைத்தார். கொஞ்ச நாளில், பத்து நிமிடம் முன்னால் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்துபோய், அந்தப் பத்து நிமிடத்தையும் உட்கார்ந்து பேசினார்கள். இன்னொரு பத்து கூட்டினார். அதுவும் தெரிந்துபோனது. கடைசியாக ஒரு ஐந்து. "அதுக்கு மேல வாணாம்னு உட்டுட்டேன் பேட்டி. இப்படியே போனா நாளைக்கே வந்துடும்" என்றார். (பேட்டி என்றால் அவர் மொழியில் மகளே.)

ஆக, தெருவில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். கடை மணி எட்டரை என்றால் எட்டு ஐந்து. சின்னப் பிள்ளைகள்கூட யோசிக்காமல் கழித்துவிடும். இவ்வளவையும் அழகாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எழுதியது மட்டும்தான். புரிந்துகொள்ளவில்லை.

இந்த இடத்தில் என் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணி பெயர் தேவகி. நான் சென்னைக்குப் படிக்கப் போகவேண்டும் என்றபோது, வீட்டில் நூல் சுற்ற ஆளில்லை என்று அப்பா முறைத்துக்கொண்டார். "அந்த வேலைய நான் பாத்துக்கறேன் மாமா, அவ போவட்டும்" என்று அண்ணிதான் முன்னால் வந்து நின்றார். இரண்டு வருடமாகத் தன் தறியோடு என் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தார். நான் படித்த படிப்பில் பாதி அவருடையது என்று சொன்னால் அது பேச்சுக்காக இல்லை.

அண்ணிக்கும் ஓர் ஆசை இருந்தது. அங்கன்வாடி வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். நேர்காணல் கடிதமும் வந்துவிட்டது. சனிக்கிழமை, எங்கள் தெருவிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் பள்ளிக்கூடத்தில். 'காலை 9.00 மணிக்குப் பின் வருவோர் அனுமதிக்கப்பட மாட்டார்கள்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அடுத்த முறை அறிவிப்பு வரும்போது அண்ணிக்கு வயது வரம்பு தாண்டியிருக்கும். அதனால் இந்த ஒரு சனிக்கிழமைதான். வெள்ளிக்கிழமை முழுக்க நான் கேள்வி கேட்க, அவர் தறியை ஓட்டிக்கொண்டே பதில் சொன்னார். "பதட்டப்படாதீங்க அண்ணி" என்று உளவியல் ஆலோசனை வேறு வழங்கினேன்.

அன்று சாயங்காலம் கரீம் பாய் தொழுகைக்குப் போனார். "கடையக் கொஞ்சம் பாத்துக்க பேட்டி" என்றார். பார்த்துக்கொண்டேன். எதிரே சுவரில் அந்தக் கடிகாரம். தப்பான மணி. ஒரு தெருவையே இத்தனை வருடமாக ஏமாற்றிக்கொண்டிருக்கிற மணி. படித்தவளாக இருந்துகொண்டு இதை எப்படிச் சகித்துக்கொள்வது? பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினேன். கடிகாரத்தைக் கழற்றினேன். முள்ளை இருபத்தைந்து நிமிடம் பின்னால் தள்ளி, என் போனைப் பார்த்து நொடி சுத்தமாகச் சரிசெய்து மாட்டினேன். இறங்கும்போது எனக்குப் புல்லரித்தது. (கொசுவும் இருந்தது.) நாளைக்கு எல்லாரும் சரியான நேரத்தில் வாழ்ந்து முடித்த பிறகு சொல்லி ஆச்சரியப்படுத்தலாம் என்று வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பாய் திரும்பி வந்தவர் அண்ணாந்து பார்க்கவில்லை. சொந்தக் கடிகாரத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கே தெருக்கோடிக்குப் போய்விட்டேன். அன்றைய வேலை நடை வேகத்தை அளப்பது. அறுபது அடி இடைவெளியில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டு, ஓரமாக ஒரு சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்தேன். ஆள் முதல் கோட்டைத் தாண்டியதும் போனைப் பார்த்து மணியை எழுதி, ஸ்டாப்வாட்சை அமுக்க வேண்டும். இரண்டாவது கோட்டைத் தாண்டியதும் நிறுத்த வேண்டும். போகிறவர் வருகிறவரெல்லாம் விசாரித்தார்கள். "தறிக்குப் பாவு நூல் நீட்டவா கோடு போட்ருக்க?" என்றார் ஒருவர். "ரோட்ட அகலப்படுத்தப் போறாங்களா? எங்க வூட்டு வாசப்படி இருக்குமா?" என்று ஓர் அம்மா அழுகிற குரலில் கேட்டார். அவரைச் சமாதானப்படுத்தியதில் நான்கு பேர் அளக்கப்படாமல் தப்பித்தார்கள்.

ஆனால் அன்று தெருவே வழக்கத்தைவிட மெதுவாக நடந்தது. எனக்கு ஒரே குஷி. ஷேர் ஆட்டோக்காரர் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். டியூஷன் போகிற பிள்ளைகள் மதில் மேல் உட்கார்ந்து காலாட்டின. கோயில் நகரத்தின் சாவதானமான வாழ்க்கைமுறை என்று ஒரு தலைப்பே எழுதிவிட்டேன்.

அப்போது அண்ணி வந்தார். மாம்பழ நிறச் சேலை, கையில் சான்றிதழ் ஃபைல், தலையில் ஒரு முழம் மல்லி. பதட்டமே இல்லாமல், நான் சொல்லிக்கொடுத்தபடி மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு நடந்து வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கடமை கடமைதானே. முதல் கோட்டைத் தாண்டியதும் ஸ்டாப்வாட்சை அமுக்கினேன். போனைப் பார்த்து மணியை எழுதினேன். 9.02.

எழுதிய பிறகு அதைப் படித்தேன். இன்னொரு முறை படித்தேன்.

"அண்ணீ! மணி ஒம்பது ரெண்டு!"

அண்ணி இரண்டு கோட்டுக்கும் நடுவே நின்று சிரித்தார். "கடை மணிதானே? தெரியும். இப்பதான் பாத்துட்டு வரேன். இன்னும் இருவத்தஞ்சு நிமிசம் இருக்குது."

"இல்ல அண்ணி. கடை மணி இப்போ சரியா இருக்குது."

"சரியா இருக்குதா?" அண்ணியின் முகம் மாறியது. "ஏன், பாய்க்கு என்னா ஆச்சு?"

"பாய்க்கு ஒண்ணும் ஆகல. நேத்து சாயங்காலம் நான்தான்… சரி பண்ணி வச்சேன்."

அண்ணி என்னைப் பார்த்த பார்வை எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. கோபம்கூட இல்லை. நம்ப முடியாமல், ஒரு குழந்தையைப் போலப் பார்த்தார். "நேரத்தப் போயி யாராவது சரி பண்ணுவாங்களா அருணா?" என்றார். அடுத்த நொடி கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தார். இரண்டாவது கோட்டைத் தாண்டும்போது என் கட்டைவிரல் பழக்கத்தில் தானாகவே ஸ்டாப்வாட்சை நிறுத்தியது. நாற்பத்தெட்டு நொடி. என் ஆராய்ச்சியிலேயே மிக மெதுவாக நடந்தவர் என்று பதிவானவர், என் கண்ணெதிரே மல்லிப்பூ சிதற ஓடிக்கொண்டிருந்தார்.

நானும் பின்னால் ஓடினேன். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான். எனக்காக இரண்டு வருடம் நூல் சுற்றியவருக்கு, அவருடைய ஒரே ஒரு காலைப் பொழுதைக்கூட ஒழுங்காக விட்டுவைக்கவில்லையே நான். தொடாதே என்று சொன்னதைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு தொட்டேனே.

பள்ளிக்கூடத்து வாசலுக்குப் போனபோது கேட் பூட்டியிருந்தது. பெரிய பூட்டு. அண்ணி கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். சத்தமே வராமல் அழுதார். நான் ஸ்டாப்வாட்சும் கையுமாக நின்றேன்.

"ஏம்மா, நீ எதுக்கு அழுவுற? நாங்க எல்லாமே வெளியதான் நிக்கறோம்" என்று ஒரு குரல் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தால், மதில் நிழலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கையில் ஃபைலோடு நின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு ஜீப். ஜீப்பின் முன்னால் நேர்காணல் நடத்த வந்த அதிகாரி அம்மா, முகம் சிவக்க, காதில் போனை வைத்துக்கொண்டு நின்றார். "வாட்ச்மேன் எங்க? எட்டே முக்காலுக்குக் கேட்டத் திறக்கணும்னு சொன்னேனா இல்லையா? போனும் எடுக்கல!"

அந்தப் பள்ளிக்கூடத்துக் காவலாளி ஏழுமலை மாமா. எங்கள் தெருக்காரர். தினமும் கரீம் பாய் கடையில் டீ குடித்து, கடிகாரத்தில் ஒன்பது ஐந்து ஆனதும் எழுந்து வருகிறவர். கடை மணி ஒன்பது ஐந்து என்றால் எட்டு நாற்பது. அது இருபது வருடப் பழக்கம்.

அதே நேரத்தில் தெருமுனையில் ஏழுமலை மாமா தெரிந்தார். சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, அதிகாலைக் காற்று வாங்குகிறவர் மாதிரி வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம். "அடடே, எட்டே முக்காலுக்கே எல்லாம் வந்துட்டீங்களா! வேலைன்னா இப்படித்தாம்மா இருக்கணும்."

அதிகாரி அம்மா கைக்கடிகாரத்தை அவர் மூக்கருகே நீட்டினார். ஒன்பது பன்னிரண்டு. மாமா அதைப் பார்த்தார். "உங்க வாட்ச்சு முன்னால ஓடுது மேடம்" என்றார் பரிவோடு.

அதற்குப் பிறகு அந்த அம்மா பேசியதை எழுதப் பக்கம் போதாது. மேலிடத்துக்கு எழுதுவேன், வேலையை விட்டு எடுக்கச் சொல்வேன் என்றார். ஏழுமலை மாமா ஒன்றும் புரியாமல் சாவிக்கொத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"மேடம், தப்பு அவர் மேல இல்ல. டீக்கடைக் கடிகாரத்தை நான் மாத்திட்டேன்."

"எதுக்கு?"

"அது தப்பா ஓடிச்சு மேடம். சரியா வச்சேன். அதனால எல்லாரும் லேட் ஆயிட்டாங்க."

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியத்தின் அழகு எனக்கே உறைத்தது. அதிகாரி அம்மா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நீ என்ன பண்ற?"

"எம்.எஸ்ஸி. படிக்கிறேன் மேடம். ஆராய்ச்சி."

"எதுல?"

பொய் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. "மனுஷங்க நேரத்தை எப்படிப் புரிஞ்சிக்கிறாங்கன்னு…"

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. (உண்மையில் மூன்று நொடி இருக்கும். ஸ்டாப்வாட்ச் கையில் இருந்தும் அளக்கத் தோன்றவில்லை.) பிறகு மதில் ஓரத்தில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தார். இன்னொருவர் அண்ணியிடம், "யாரு இது, உனக்கு வேண்டியவளா?" என்று கேட்டார்.

"என் நாத்தனாரு" என்றார் அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"ஓ…" என்றார்கள் அத்தனை பேரும் ஒரே குரலில். அந்த ஒற்றை 'ஓ'வில் ஒரு குடும்பக் கதையே எழுதி முடித்துவிட்டார்கள். ஏழுமலை மாமாகூட, "அடிப்பாவி, அண்ணிக்கு வேல கிடைக்கக் கூடாதுன்னா தெருவையே கவுப்ப?" என்றார்.

அண்ணி எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்படியெல்லாம் சொல்லாதீங்க. அவ ரொம்ப நல்லவ. படிச்சிட்டா, அவ்ளோதான்."

அதிகாரி அம்மாவும் சிரித்துவிட்டார். சிரித்ததை மறைக்க இருமினார். ஏழுமலை மாமாவிடம், "திறய்யா கேட்ட" என்றார். அண்ணி தயங்கித் தயங்கி, "மேடம், நான் ஒம்பதுக்கு மேலதான் வந்தேன்" என்றார். என் அண்ணி அப்படித்தான். எனக்கு உயிரே போய்விட்டது. அந்த அம்மா கேட்டைக் காட்டினார். "கையெழுத்துப் போடற நோட்டு உள்ள பூட்டி இருக்குது. நானே இன்னும் உள்ள போகல. அப்புறம் நீ எப்படி லேட்டு? போம்மா, தண்ணி குடிச்சிட்டு வா."

உள்ளே நடந்ததை அண்ணி பிறகு சொன்னார். மற்ற கேள்விகளெல்லாம் முடிந்த பிறகு, "சின்னப் பசங்களுக்கு மணி பாக்க எப்படிக் கத்துக்குடுப்ப?" என்று கேட்டாராம் அந்த அம்மா. "அட்டையில கடியாரம் செஞ்சு, அதுங்க கையாலயே முள்ளத் திருப்ப வைப்பேன் மேடம். அதுக்கு முன்னால எங்க நாத்தனார வெளிய அனுப்பிடுவேன்" என்றாராம் அண்ணி.

நாங்கள் திரும்பி வந்தபோது தெருவே கரீம் பாய் கடை வாசலில் நின்றது. ஒருவர் பஸ்ஸை விட்டிருந்தார். ஷேர் ஆட்டோக்காரர் சவாரியை விட்டிருந்தார். டியூஷன் பிள்ளைகள் மட்டும் என்னை நன்றியோடு பார்த்தன. பாய் பெஞ்சு மேல் ஏறிக் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். "அரே பேட்டி, ஒரே நாள்ல ஏத்தினதா இது? கொஞ்சங் கொஞ்சமா ஏத்தி வச்ச இருவத்தஞ்சு நிமிசம்! ஒரே அமுக்கா இறக்கிட்டியே!" என்றார். இறந்தவரைப் பற்றிப் பேசுவது போல இருந்தது. அந்த இருபத்தைந்து நிமிடத்தை மறுபடி ஏற்றும்வரை தெரு கலையவில்லை. சரியாக ஏற்றுகிறாரா என்று பத்து பேர் தங்கள் போனை எடுத்துச் சரிபார்த்தார்கள்.

நான் அளந்த நடை வேகம் முழுவதும் குப்பைக்குப் போனது. நடந்ததை மறைக்காமல் எழுதிக்கொண்டு போய்ப் பேராசிரியையிடம் நீட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் ஆய்வுல இந்த ஒரு அத்தியாயம்தான் உருப்படியா இருக்கு. ஒரு தெருவே சேர்ந்து மனசுல ஒரு கழித்தல் கணக்கு வச்சிருக்கு. கடிகாரம் தப்பு, ஆனா தெரு சரியா ஓடுது. நீ கடிகாரத்தைச் சரி பண்ணி, தெருவைத் தப்பாக்கிட்ட. இதை முதல்ல வை." அந்த ஆய்வுதான் பின்னால் எனக்கு வேலையும் வாங்கிக்கொடுத்தது. இன்றும் வகுப்பில் இதைத்தான் முதல் பாடமாக நடத்துகிறேன். இரண்டு முழம் என்று சொன்னவர் சரியாகத்தான் சொன்னார் என்றும் சேர்த்துக்கொள்கிறேன்.

அண்ணிக்கு இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. இப்போது ஐயம்பேட்டைப் பக்கம் ஓர் அங்கன்வாடியில் முப்பது குழந்தைகளுக்கு டீச்சர். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். சுவர் முழுக்க மாம்பழம், மயில், அட்டைக் கடிகாரங்கள். நடுவே நிஜக் கடிகாரம் ஒன்று, என் போனைவிட இருபத்தைந்து நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

நான் அதைப் பார்ப்பதை அண்ணி பார்த்துவிட்டார். கடிகாரத்துக்குக் கீழே இருந்த ஒரே ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய், அடுத்த அறையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்து, "சரி, இப்ப உக்காரு அருணா, டீ போடறேன்" என்றார்.

எங்கே உட்காருவது? தரையில்தான் உட்கார்ந்தேன், குழந்தைகளோடு.